முதலில் அளவு, பிறகு ஸ்பேனர்: பழைய மவுண்டன் பைக்கைச் சீரமைக்கும் முறை

கடைகளில் பெருமளவில் விற்ற முதல் மவுண்டன் பைக் ஸ்பெஷலைஸ்ட் ஸ்டம்ப்ஜம்பர், 1981. மலைப்பாதைக்கென்றே பாகத் தயாரிப்பு நிறுவனமான ஷிமானோ செய்த முதல் பாகத் தொகுதி டியோர் எக்ஸ்டி, 1982. ரிம்மை இரு நீண்ட கைகளால் பிடிக்கும் வி-பிரேக் வந்தது 1996இல். இந்தப் பதினைந்து ஆண்டுக்குள் பின்சக்கர அகலம், ஹெட்செட் (ஹேண்டில்பார் திரும்பும் இடத்துப் பேரிங்), பிரேக், கியர் என எல்லா அளவும் ஒரு முறையாவது மாறிவிட்டன. பழைய வண்டியைச் சீரமைப்பவர்கள் பணத்தை வீணாக்குவது பெரும்பாலும் பெயின்டிலோ பாலிஷிலோ அல்ல, பொருந்தாத பாகத்தை வாங்குவதில்தான். ஆகவே முதலில் வாங்க வேண்டிய கருவி ஒரு வெர்னியர் காலிப்பர், அதாவது மில்லிமீட்டரின் சிறு பகுதியையும் அளக்கும் கருவி.

அதற்கும் முன்னால் ஃபிரேமைத் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் பாருங்கள். ஹெட் டியூபுக்கு (ஹேண்டில்பாருக்குக் கீழே உள்ள குட்டைக் குழாய்) பின்னால், டவுன் டியூபின் (அதிலிருந்து பெடல் பக்கம் இறங்கும் குழாய்) அடிப்பக்கத்தில் விரலை ஓட்டுங்கள். அங்கே புடைப்போ, பெயின்டில் சுருக்கமோ தட்டுப்பட்டால் வண்டி நேராக எதிலோ மோதியிருக்கிறது. சீட் டியூபின் மேல் விளிம்பு, பாட்டம் பிராக்கெட்டைச் (பெடல் அச்சு சுழலும் பகுதி) சுற்றிய வெல்டிங், பின் அச்சு உட்காரும் டிராப்அவுட் ஆகிய இடங்களில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று தேடுங்கள். அலுமினிய ஃபிரேமில் விரிசல் கண்டால் அந்த ஃபிரேமை விட்டுவிடுங்கள். ஸ்டீல் என்றால் நல்ல பிரேசிங் (பித்தளை போன்ற உலோகத்தை உருக்கி ஒட்டும் வேலை) தெரிந்தவர் சரிசெய்ய முடியும்.

நேராக இருக்கிறதா என்று பார்க்க ஒரு நூல் போதும். ஒரு பக்க டிராப்அவுட்டில் கட்டி, ஹெட் டியூபைச் சுற்றி, மறுபக்க டிராப்அவுட்டுக்கு இழுத்துக் கட்டுங்கள். சீட் டியூபுக்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி இரு பக்கமும் சமமாக இருக்க வேண்டும். ஓரிரு மில்லிமீட்டர் வித்தியாசத்தால் ஓட்டத்தில் கெடுதல் வராது.

அடுத்து அளவுகள். ஒரு தாளில் எழுதி வையுங்கள். பின் டிராப்அவுட்டுகளுக்கு இடையே உள்ள அகலம் 1980களின் வண்டிகளில் பெரும்பாலும் 126 அல்லது 130 மி.மீ. இருக்கும், 1990 வாக்கில் 135 மி.மீ. நிலைத்துவிட்டது. முன்பக்கம் 100 மி.மீ. சீட் போஸ்ட் (சீட்டைத் தாங்கும் குழாய்) 0.2 மி.மீ. படிகளில் வருகிறது: 26.4, 26.6, 26.8, 27.0, 27.2. ஒரு படி சிறியதைப் போட்டுக் கிளாம்பை நெருக்கினால் போஸ்ட் ஓட்டத்தில் இறங்கிக்கொண்டே இருக்கும், சீட் டியூபின் காதும் வளைந்துவிடும். ஸ்டெம் (ஹேண்டில்பாரைத் தாங்கும் கழுத்து) ஃபோர்க்கின் (முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவை) உள்ளே இறங்கும் குவில் வகை என்றால், 1 அங்குல ஹெட்செட்டுக்கு 22.2 மி.மீ., 1⅛ அங்குலத்துக்கு 25.4 மி.மீ. பாட்டம் பிராக்கெட் ஓடு 68 அல்லது 73 மி.மீ. அகலம். முன் டிரெய்லியர் (செயினைப் பல்சக்கரம் மாற்றும் கருவி) கிளாம்ப் 28.6, 31.8, 34.9 ஆகிய மூன்றில் ஒன்று.

கழற்றும் வரிசை

இறுகிய நட்டுகளை வண்டி சக்கரத்தில் நிற்கும்போதே தளர்த்திவிடுங்கள். தனியாகக் கிடக்கும் ஃபிரேமைப் பிடித்துக்கொண்டு பெடலைக் கழற்றுவது இரட்டை வேலை. இடது பெடலுக்கு எதிர் மரை. வலஞ்சுழியாகத் திருப்பினால்தான் கழலும். பாட்டம் பிராக்கெட்டில் அது தலைகீழ்: செயின் பக்கத்து வலது கப்தான் எதிர் மரை. இதை மறந்து முழு பலத்தோடு இறுக்கிவிட்டு, துருப் பிடித்திருக்கிறது என்று நினைப்பவர்கள் அதிகம்.

கிராங்க் புல்லரை (பெடல் கையைக் கழற்றும் கருவி) மாட்டுமுன் போல்ட்டுக்கு அடியில் இருக்கும் வாஷரையும் எடுத்தாயிற்றா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். வாஷர் உள்ளே இருந்தால் புல்லர் அதன்மேல் தள்ளி, கிராங்கின் மெல்லிய அலுமினிய மரையைப் பிடுங்கிவிடும். புல்லரைக் கையாலேயே கடைசிச் சுற்று வரை திருகி ஏற்றிய பிறகுதான் ஸ்பேனர்.

பின்சக்கரத்தில் மரையில் ஏறும் பழைய ஃப்ரீவீல் (பின் பல்சக்கரத் தொகுதி) இருந்தால், ஸ்போக்குகளைத் தொடும் முன்னரே அதைக் கழற்றுங்கள். ஸ்போக் இல்லாத ஹப்பை (சக்கரத்தின் நடுப்பகுதி) பிடித்து ஃப்ரீவீலைத் திருப்ப எந்த வழியும் இல்லை. அதற்கான கருவியைக் குயிக் ரிலீஸ் கம்பியால் லேசாக இறுக்கி, பெஞ்ச் வைஸில் கவ்வவைத்து, சக்கரம் முழுவதையும் ஸ்டியரிங் போல இடஞ்சுழியாகத் திருப்புங்கள். முதல் அசைவு வந்ததும் கம்பியைத் தளர்த்துங்கள், இல்லாவிட்டால் அது முறியும்.

மாட்டிக்கொண்ட சீட் போஸ்ட்டும் ஸ்டெம்மும்

ஸ்டீலும் அலுமினியமும் ஈரத்தோடு ஆண்டுக்கணக்கில் ஒட்டிக் கிடந்தால் அலுமினியத்தின் மேல் ஆக்சைடு வளரும். அது பழைய அலுமினியத்தை விட அதிக இடத்தை அடைக்கும். அதனால்தான் இந்தப் பிடிப்பு. ஃபிரேமைத் தலைகீழாக நிறுத்தி, பாட்டம் பிராக்கெட் ஓட்டை வழியாக ஊடுருவும் எண்ணெயை விட்டு இரண்டு மூன்று நாள் ஊறவையுங்கள். பிறகு போஸ்ட்டின் தலையை வைஸில் கவ்வி, ஃபிரேமை நெம்புகோலாக வைத்துத் திருப்புங்கள். இழுப்பதைவிடத் திருப்புவதே பலன் தரும்.

இங்கே பலர் சூடு காட்டிவிடுகிறார்கள். அலுமினியம் ஸ்டீலைவிட ஏறக்குறைய இரு மடங்கு விரியும். இரண்டும் சேர்ந்து சூடானால் போஸ்ட் இன்னும் இறுகும். குளிர்தான் உதவும். போஸ்ட்டின் குழாய்க்குள் பனிக்கட்டியை நிரப்பி, அது சுருங்கும் நேரத்தில் திருப்பிப் பாருங்கள். அதுவும் பலிக்காவிட்டால் போஸ்ட்டை மேலே அறுத்து, உள்ளிருந்து ஹாக்ஸா பிளேடால் நீளவாக்கில் ஒரு கீறல் போட்டு உள்நோக்கி மடக்கி எடுக்க வேண்டும். மெதுவான வேலை; பிளேடு சீட் டியூபைத் தொடுவதற்குள் நிறுத்தவேண்டும்.

ஸ்டெம்முக்குப் போல்ட்டை நான்கைந்து சுற்று மட்டும் தளர்த்தி, அதன் தலையில் மர அல்லது ரப்பர் சுத்தியலால் தட்டுங்கள். கீழே இருக்கும் ஆப்பு விடுபடும்.

துரு, பேரிங்

ஸ்டீல் பாகங்களின் துருவுக்கு ஆக்ஸாலிக் அமிலம் நல்லது. ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு 20 முதல் 30 கிராம். பல மணி நேரம் ஊறட்டும். எடுத்ததும் சமையல் சோடா கரைத்த தண்ணீரில் அலசி உடனே உலர்த்தாவிட்டால் மஞ்சள் படலம் படியும். இது நச்சு. கையுறை, கண்ணாடி கட்டாயம். அலுமினியத்தை இதில் போடாதீர்கள். ஃபிரேம் குழாய்களுக்குள் உலர்ந்தபின் துருத்தடுப்பு எண்ணெய் அடியுங்கள். வெளியே பளபளத்து உள்ளே துளையாகும் ஃபிரேம்கள் ஏராளம்.

பெயின்டும் ஸ்டிக்கரும் ஓரளவு நன்றாக இருந்தால் தயவுசெய்து தொடாதீர்கள். சுரண்டிய அசல் பெயின்டைத் திரும்பக் கொண்டுவர முடியாது. கீறல்களுக்கு மெழுகு போதும்.

ஹப்பில் குண்டுகளை எப்போதும் புதிதாகவே போடுங்கள். வழக்கமான அளவு: முன் ஹப்பில் பக்கத்துக்கு 3/16 அங்குலக் குண்டு 10, பின் ஹப்பில் பக்கத்துக்கு 1/4 அங்குலம் 9. கோனின் (குண்டுகளை அழுத்தும் கூம்பு நட்டு) ஓடுபாதையில் நகத்துக்குத் தட்டுப்படும் குழி இருந்தால் கோனையும் மாற்றுங்கள். கோனை இறுக்கும்போது கையில் மிக லேசான ஆட்டத்தை விட்டுவைக்க வேண்டும். குயிக் ரிலீஸை மூடும்போது அச்சு அழுந்தி அந்த ஆட்டம் மறையும். மேசையில் கச்சிதமாக இறுக்கிய ஹப், வண்டியில் ஏறியதும் கரகரக்கும்.

பாட்டம் பிராக்கெட்டுக்குச் சீல் செய்த கார்ட்ரிட்ஜ் போடுவதில் தயங்க வேண்டாம், வெளியே தெரியாது. ஆனால் பழைய அச்சின் நீளத்தையே வாங்குங்கள். அச்சு குட்டையானால் சின்னப் பல்சக்கரம் செயின்ஸ்டேயை (செயினையொட்டிப் பின்சக்கரத்துக்குப் போகும் ஃபிரேம் குழாய்) உரசும்.

பிரேக்

பெரிய தவறுகள் நடக்கும் இடம் இது. கேன்டிலீவர் பிரேக்குக்கு (ரிம்மின் இரு பக்கமும் தனித்தனிக் கை உள்ள பழைய வகை) நடுவில் மேல்நோக்கி இழுக்கும் குறுக்குக் கேபிள் உண்டு. அதைப் பிடிக்கும் கொக்கி கீழே இறங்க இறங்கப் பிடி வலுக்கும், லீவர் மென்மையாகும். மேலே ஏறினால் லீவர் விறைப்பாக இருக்கும், வண்டி நிற்காது. டயரில் படாத அளவுக்குத் தாழ்வாகத் தொடங்கி, லீவர் ஹேண்டில்பாரைத் தொடாத நிலை வரும் வரை சிறிது சிறிதாக ஏற்றுங்கள். பிரேக் கட்டையின் முன்நுனி முதலில் படும்படி, பின்நுனியில் 1 மி.மீ. இடைவெளி விட்டால் கிறீச்சிடாது.

முன்பக்கக் கேன்டிலீவரில் ஒரு உண்மையான ஆபத்து இருக்கிறது. மேல் கேபிள் அறுந்தால் குறுக்குக் கேபிள் டயரின் குமிழ்களில் விழுந்து சக்கரத்தைப் பூட்டிவிடும். ஃபோர்க்கின் முடியில் இருந்த ரிஃப்ளெக்டர் தாங்கி அந்தக் கேபிளைத் தாங்கும். அழகுக்காக அதைக் கழற்றாதீர்கள். காணாமல் போயிருந்தால் ஒன்று பொருத்துங்கள்.

வி-பிரேக்குக்கு மாற விரும்பினால் லீவரையும் மாற்ற வேண்டும். பழைய லீவர் இழுக்கும் கேபிள் நீளம் அதற்குப் போதாது. கட்டை ரிம்மை நன்றாகப் பிடிக்கும் முன் லீவர் ஹேண்டில்பாரைத் தொட்டுவிடும். பிரேக் தாங்கும் இரு முளைகளுக்கு இடையே ஏறக்குறைய 80 மி.மீ. இருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய ஃபிரேம்களில் குறைவாக இருக்கும். 1986 முதல் 1988 வரை வந்த பல வண்டிகளில் பின்னால் யு-பிரேக் என்ற இன்னொரு வகை இருக்கும். அதன் முளைகள் ரிம்முக்கு அப்பால் இருப்பதால் வி-பிரேக்கும் கேன்டிலீவரும் அதில் ஏறாது. நல்ல கட்டைகளோடு அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

ரிம்மின் பக்கச் சுவரில் ஒரு ஸ்கேலை வைத்துப் பாருங்கள். நடுவில் குழிந்திருந்தால் பிரேக் அதைத் தின்றுவிட்டது. காற்றழுத்தத்தில் அந்தச் சுவர் வெடிக்கும். ரிம்மை மாற்றியே ஆக வேண்டும்.

கியரும் மாற்றங்களும்

ஆரம்பகால ராப்பிட்ஃபயர் ஷிஃப்டர் (ஷிமானோவின் கியர் மாற்றும் லீவர்) சொடுக்காமல் வழுக்கினால் அது பெரும்பாலும் கெட்டுப்போகவில்லை. உள்ளே க்ரீஸ் பசையாகியிருக்கும். டிகிரீசரை நிறைய அடித்து, நூறு முறையாவது அழுத்தி, பிறகு மெல்லிய எண்ணெய் விடுங்கள். சன்டூர் நிறுவன ஷிஃப்டரை ஷிமானோ டிரெய்லியரோடு சொடுக்கு முறையில் சேர்க்க முடியாது. கட்டைவிரல் ஷிஃப்டரை ஃபிரிக்‌ஷன் நிலைக்கு (சொடுக்கில்லாமல் கையாலேயே சரிசெய்யும் நிலை) மாற்றினால் எதோடும் ஓடும்.

130 மி.மீ. ஸ்டீல் ஃபிரேமை 135க்கு விரிக்கலாம்: பக்கத்துக்கு 2.5 மி.மீ., ஒவ்வொரு பக்கமாக, நூல் வைத்துச் சரிபார்த்தபடி. பிறகு டிராப்அவுட்டுகளை மீண்டும் இணையாக்க வேண்டும், இல்லையேல் அச்சு வளையும். அலுமினியத்தை ஒருபோதும் விரிக்காதீர்கள்.

பழைய வண்டிகளின் ஸ்டெம் மிக நீளம், ஹேண்டில்பார் மிகக் குறுகல். குவில் அடாப்டர் (புது வகை ஸ்டெம் மாட்ட உதவும் இணைப்பு) போட்டு 70 முதல் 90 மி.மீ. ஸ்டெம்மும் 700 மி.மீ. அளவிலான பாரும் வைத்தால் வண்டியே மாறிவிடும். அதற்கும் குட்டையான ஸ்டெம் வேண்டாம். ஃபிரேம் குட்டையானது, முழங்கால் இடிக்கும். டிராப் பார் (கீழே வளைந்த ரோடு ஹேண்டில்பார்) போட நினைப்பவர்களுக்கு நல்ல செய்தி, பழைய ரோடு லீவர்கள் கேன்டிலீவரோடு ஒத்துப்போகும். ஆனால் கை எட்டும் தூரம் கூடுவதால் டாப் டியூப் குட்டையான ஃபிரேம் தேவை.

நெடுந்தூர சஸ்பென்ஷன் ஃபோர்க்கை இதில் மாட்டாதீர்கள். ஃபோர்க் 20 மி.மீ. உயர்ந்தால் ஹெட் கோணம் சுமார் 1 டிகிரி சாயும். சஸ்பென்ஷன் இல்லாத பழைய ஃபோர்க்குகளின் நீளம் 400 மி.மீ. அருகில், 100 மி.மீ. அமுங்கும் ஃபோர்க்கின் நீளம் 470 அருகில். ஸ்டியரிங் தொய்ந்துபோவதோடு, அந்தச் சுமைக்கு வடிவமைக்காத ஹெட் டியூப் இணைப்பு களைத்துவிடும். மென்மை வேண்டுமானால் இடம் அனுமதிக்கும் அகலத்தில் நல்ல 26 அங்குல டயர் போடுங்கள். 650பி (27.5 அங்குல) சக்கரமும் வேண்டாம்: ரிம் 12.5 மி.மீ. மேலே போகும், பிரேக் கட்டை அவ்வளவு உயராது.

எல்லாம் பூட்டியபின் கிராங்க் போல்ட்டை 35 முதல் 50 நியூட்டன் மீட்டர் வரை இறுக்குங்கள். முதல் 50 கிலோமீட்டருக்குப் பிறகு அதையும், ஹெட்செட்டையும், பிரேக் கேபிள் நட்டுகளையும் மறுபடி பாருங்கள். தளர்ந்த கிராங்கோடு ஒரு பயணம் போதும், அதன் சதுரத் துளை வட்டமாகிவிடும். பிறகு எவ்வளவு இறுக்கினாலும் அது நிற்காது.