பெட்டிக்குள் ஒரு கீச்சுக்குரல்

ஸ்கொயர் டான்ஸில் (நாலு ஜோடிகள் சதுரமாக நின்று ஆடும் ஆட்டம்) அடிகளை அறிவிக்கும் ‘காலர்’ (caller) மைக்கில் சொல்வதைக் கேட்டுத்தான் எல்லாரும் அடுத்த அடி வைப்பார்கள். அதனால் பாட்டைவிடப் பேச்சு தெளிவாக இருக்க வேண்டும். 12 வோல்ட் பேட்டரி, கிளாஸ்-டி ஆம்ப் போர்டு (ஒலியைப் பெருக்கும் சர்க்யூட்), 8 அங்குல ஸ்பீக்கர், மைக்கையும் பாட்டையும் கலக்கும் குட்டி மிக்ஸர் எல்லாவற்றையும் ஒரே பிளைவுட் பெட்டியில் அடக்கினேன். பாட்டுக்குப் போன், அதற்கு சார்ஜும் அதே பேட்டரியிலிருந்து.

ஆன் செய்ததும் ‘கீய்ய்’ என்று ஓர் இரைச்சல். சார்ஜர் வயரைப் பிடுங்கினால் கப்சிப்! சரி, கிரவுண்ட் லூப்தான். சார்ஜ் கரண்ட் ஆடியோ வயரின் கிரவுண்டான உலோக உறை வழியாகவும் திரும்பி ஓடுகிறது. போனுக்கும் மிக்ஸருக்கும் நடுவே 1:1 ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் மாட்டினேன்; அது நேரடி வயர் இணைப்பில்லாமல் ஒலி சிக்னலை மட்டும் கடத்தும். இரைச்சல் போயே போச்சு. ரொம்ப மலிவானது எடுத்தால் பேஸ் (தாழ்ந்த ஒலி) கொஞ்சம் அடிவாங்கும், பரவாயில்லை.

அப்புறம் மைக்கில் 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டு, 3 கிலோஹெர்ட்ஸ் பக்கம் லேசாக ஏற்றினேன். பெட்டியை ஸ்டாண்டில் தலைக்கு மேல் தூக்கி வைத்ததில் பின்வரிசைக்கும் சொல் பிசிறில்லாமல் போகிறது.