டிஸ்பிளேயைக் கழற்றும் முன் கொஞ்சம் நில்லுங்கள்

கோடை விடுமுறை வந்தால் தண்டையார்பேட்டை, வியாசர்பாடிப் பிள்ளைகள் சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய எல்இடி கடிகார கிட்டோடு (நாமே பற்றவைத்துச் செய்யும் பாகங்களின் தொகுப்பு) என்னிடம் வருவார்கள். ஐசியைத் (சிப்பை) திருப்பிப் போடுவது போன்ற தவறுகள் கிட்டோடு வரும் தாளிலேயே இருக்கின்றன. அவற்றை விட்டுவிட்டு மற்றத் தவறுகளைச் சொல்கிறேன்.

சோதிக்காமல் டிஸ்பிளேயைப் பிடுங்குவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னமும் ஆத்திரம் வருகிறது. போன மாதம் பத்தாவது படிக்கும் பையன் ஒருவன் வந்தான். "அண்ணா, டிஸ்பிளே போயிடுச்சு, வேற வாங்கணும்" என்றான். நான்கு இலக்கத்திலும் கீழ்க்கோடு மட்டும் எரியவில்லையாம். அதற்காக 12 காலையும் சூடாக்கி, ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி எடுத்திருந்தான். கால்களோடு செப்பு வளையங்களும் பிய்ந்து வந்திருந்தன. போர்டைத் திருப்பினேன். அந்தக் கோட்டுக்குப் போகும் ரெசிஸ்டரின் காலைச் சுற்றி மெல்லிய கறுப்பு வளையம். ஈயம் பிடிக்கவே இல்லை. காலைச் சுரண்டி ஒரு துளி ஈயம் விட்டிருந்தால் முடிந்திருக்கும்.

இந்த டிஸ்பிளேயில் நான்கு இலக்கத்தின் கீழ்க்கோட்டுக்கும் சேர்த்து ஒரே கால்தான். ஐசி இலக்கங்களை மாற்றி மாற்றி வேகமாக எரியவிடுவதால் எல்லாம் சேர்ந்து எரிவதாக நமக்குத் தெரிகிறது. ஆகவே எல்லா இலக்கத்திலும் ஒரே கோடு காணவில்லையா? ரெசிஸ்டரையும் ஐசி காலையும் பாருங்கள். ஒரு இலக்கம் முழுக்க இருட்டா? அந்த இலக்கத்தின் காலையும் அதை இயக்கும் டிரான்சிஸ்டரையும் பாருங்கள். ஒரே இலக்கத்தில் ஒரே கோடு மட்டும் போயிருந்தால்தான் டிஸ்பிளே மேல் சந்தேகப்படலாம்.

அப்போதும் கழற்ற வேண்டாம். பவரை எடுத்துவிட்டு மல்டிமீட்டரை டயோடு நிலையில் வையுங்கள். காமன் கேத்தோடு (ஒரு இலக்கத்தின் எல்லாக் கோடுகளுக்கும் மைனஸ் பொது) என்றால் கறுப்பு முனை இலக்கக் காலில், சிவப்பு முனை கோட்டுக் காலில். காமன் ஆனோடு (பிளஸ் பொது) என்றால் மாற்றி வையுங்கள். நல்ல சிவப்பு எல்இடி மங்கலாக எரியும், மீட்டர் ஏறத்தாழ 1.8 வோல்ட் காட்டும். நீலமும் வெள்ளையும் 3 வோல்ட் வரை கேட்கும். சில மீட்டர்களில் அவை எரியாது, அதை வைத்து முடிவு கட்டிவிடாதீர்கள்.

போனது உறுதிதான் என்றால், அப்புறம் பம்பால் ஒவ்வொரு துளையிலும் ஈயத்தை உறிஞ்சுங்கள். எல்லாக் கால்களும் துளைக்குள் ஆடினால்தான் டிஸ்பிளேயை இழுக்க வேண்டும்.

ஒரே மாதிரி இருக்கிறது என்று வேறு டிஸ்பிளே வாங்குவது

டிஸ்பிளேயின் விளிம்பில் இருக்கும் எண்ணைப் படியுங்கள். 5641ஏஎஸ் காமன் கேத்தோடு, 5641பிஎஸ் காமன் ஆனோடு.

மங்கிய கால்களை அப்படியே பற்றவைப்பது

காசிமேடு, ராயபுரம் உப்புக்காற்றில் திறந்து கிடக்கும் பாகங்களின் கால்கள் சீக்கிரம் மங்கிவிடும். பிளேடால் லேசாகச் சுரண்டி, சால்டரிங் பேஸ்ட் தொட்டு, பிறகு ஈயம் வையுங்கள்.

எல்இடி எரிகிறதா என்று பேட்டரியை நேராக வைத்துப் பார்ப்பது

கூடவே கூடாது. 9 வோல்ட் என்றால் நடுவில் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர்.

பிய்ந்த போர்டைத் தூக்கிப் போடுவது

தேவையில்லை. வளையம் போன காலிலிருந்து, அந்தத் தடம் போய்ச் சேரும் அடுத்த பாகத்தின் காலுக்கு மெல்லிய வயர் ஒன்றைப் பற்றவையுங்கள். மீட்டரின் பீப் ஒலியில் இணைப்பைச் சரிபார்த்துவிட்டுப் பவர் கொடுங்கள்.