கனடா அகதி விசா மறுப்பு: நீதிமன்றம் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விசா மறுப்புக் கடிதத்தோடு சுற்றுவட்டார இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களிலிருந்து காரைக்குடிக்கு என்னைத் தேடி வருகிறார்கள். வழக்கை நடத்துவது கனடாவிலுள்ள வழக்கறிஞர்; பிரமாணப் பத்திரமும் ஆவணங்களும் தயாரித்து அனுப்புவது என் வேலை. இதற்குப் புதிதாக வரும் இளம் வழக்கறிஞர்களும் பழைய பள்ளங்களிலேயே விழுகிறார்கள். கையெழுத்து விடுபடுவது, தேதி மாறுவது போன்றவற்றை இங்கே சொல்லப்போவதில்லை.

ஆதாரத்தை நீதிமன்றத்துக்கென்று ஒளித்துவைப்பது

ஒருவர் பாலித்தீன் உறையைப் பிரித்து, செஞ்சிலுவைச் சங்கத்தின் பதிவு அட்டையை மேசையில் வைத்தார். இலங்கையில் தடுப்புக்காவலில் இருந்தபோது கொடுத்தது. மடிப்பில் கிழிந்து டேப் ஒட்டியிருந்தது. "நேர்காணலில் காட்டினீர்களா?" என்றேன். "இல்லை ஐயா. கேஸ் என்று வந்தால் எடுத்துக்கொள்ளலாம் என்று ஏஜென்ட் சொன்னார்."

மறுப்புக் கடிதத்தின் முதல் காரணமே, தடுத்துவைக்கப்பட்டதை நம்ப ஆதாரமில்லை என்பதுதான்.

இந்த யோசனையைச் சொல்கிறவர்கள்மீது எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை. கனடாவின் கூட்டாட்சி நீதிமன்றம் உங்கள் கதையைப் புதிதாக விசாரிப்பதில்லை. அதிகாரியின் முடிவு நியாயமான காரணங்களோடு நிற்கிறதா என்று பார்க்கும். வாவிலோவ் வழக்கில் 2019இல் கனடா உச்ச நீதிமன்றம் வகுத்த அளவுகோல் அது. அதிகாரியின் முன்னால் இருந்த கோப்புதான் அடிப்படை. கோப்பில் இல்லாத அட்டையைக் கவனிக்கவில்லை என்று அவர்மீது குறை சொல்ல முடியாது. நேர்காணல் நடந்த முறையே தவறு என்பது போன்ற சில வாதங்களுக்குத்தான் புதிய ஆதாரம் எடுபடும்.

வென்றாலும் நீதிமன்றம் விசா தராது. பெரும்பாலும் மறுப்பை ரத்து செய்து, வேறோர் அதிகாரியிடம் கோப்பை அனுப்பும். அட்டையை அவரிடம் கொடுக்கலாம். ஆனால் அதுவரை அட்டை இல்லாமலேயே வென்றாக வேண்டும்.

காவலில் இருந்ததைச் சொன்னால் இயக்கத்து ஆள் என்று தள்ளிவிடுவார்களோ என்ற பயம் வீண் பயமல்ல. பாதுகாப்புக் காரணம் காட்டி மறுக்கவும் அங்கே சட்டம் இருக்கிறது. அதனால்தான் நேர்காணலுக்கு முன்பே வழக்கறிஞரைப் பாருங்கள் என்கிறேன். முக்கியமான விஷயத்தில் பொய் சொன்னது தெரிந்தால் 5 ஆண்டுத் தடை விழும்.

மறுபரிசீலனை கேட்டுவிட்டுக் காத்திருப்பது

வெளிநாட்டில் எடுத்த முடிவை எதிர்த்து மனுப் போட 60 நாள். கனடாவுக்குள் எடுத்த முடிவென்றால் 15 நாள். மறுபரிசீலனை கேட்டுத் தூதரகத்துக்கு எழுதும் கடிதம் இந்தக் கெடுவை நிறுத்திவைக்காது. அவகாசம் கேட்கலாம், அதற்கு விசேஷக் காரணம் காட்ட வேண்டும். முதல் படி, வழக்கை எடுத்துக்கொள்ளும்படி அனுமதி கேட்பது. அனுமதி மறுக்கப்பட்டால் அதற்கு மேல்முறையீடு கிடையாது.

ஏஜென்டின் மின்னஞ்சல் முகவரியைக் கொடுப்பது

விசா விண்ணப்பத்தில் கொடுக்காதீர்கள்.

மொழிபெயர்ப்பாளரைப் பற்றிப் பிறகு புகார் சொல்வது

புரியவில்லை என்றால் நேர்காணல் அறையிலேயே சொல்லுங்கள்.

நோட்டரி முத்திரை போதும் என்றிருப்பது

ஆங்கிலம் தெரியாதவரின் பிரமாணப் பத்திரத்தை, உறுதிமொழி எடுத்த மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொல்லிக் காட்டி, அதைப் பத்திரத்திலும் பதிய வேண்டும். அவர் வழக்கில் சம்பந்தமில்லாதவராக இருக்க வேண்டும். மனுதாரரின் மைத்துனரை உட்காரவைக்காதீர்கள்.