ஜிப் கோடு வேறு, ஊர் வேறு: டெக்சாஸ் சிற்றூர்க் கணக்குகளைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

டெர்லிங்குவா என்று இணையத்தில் தட்டினால் ஒரு சின்னக் கட்டம் வந்து நிற்கும்: மக்கள்தொகை 78, ஜிப் கோடு (அமெரிக்கத் தபால் எண்) 79852, ப்ரூஸ்டர் கவுண்டி (மாநிலத்துக்குள் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி), டெக்சாஸ். மூன்றும் சரியான தகவல்கள்தான். ஆனால் மூன்றும் மூன்று வேறு எல்லைகளைப் பற்றியவை. 78 என்பது 2020 சென்சஸில் டெர்லிங்குவா என்ற பெயரில் கோடு போட்ட ஒரு சிறு பகுதியின் கணக்கு. 79852 என்பது கடிதம் கொண்டு சேர்க்கத் தபால் துறை வைத்திருக்கும் எண். ஸ்டூடி பியூட், லஹீட்டாஸ் போன்ற பக்கத்து ஊர்களின் முகவரியிலும் அதே எண்தான் இருக்கும். ப்ரூஸ்டர் கவுண்டியோ சுமார் 16,000 சதுர கிலோமீட்டர் விரிந்தது, டெக்சாஸின் 254 கவுண்டிகளில் பரப்பில் முதலிடம். அங்கே 2020இல் இருந்தவர்கள் 9,546 பேர், அதில் பெரும்பங்கு ஆல்பைன் நகரத்தில்.

இந்த மூன்றையும் ஒரே கட்டத்தில் பார்ப்பவர் "79852இல் 78 பேர் வாழ்கிறார்கள்" என்று எடுத்துக்கொள்கிறார். அங்கே நிலம் வாங்க நினைப்பவர், கடை போட நினைப்பவர், கட்டுரை எழுதுபவர் என்று பலரும் தடுக்கி விழுவது இங்கேதான். ஒரு எண்ணைப் பார்த்ததும், அது எந்தக் கோட்டுக்குள் இருப்பவர்களை எண்ணியது என்று கேட்டுவிட வேண்டும். மற்ற தவறுகளில் பாதி இந்தக் கேள்வியைக் கேட்காததால் வருபவை.

ஊர் சுருங்கியதா, கோடு நகர்ந்ததா?

டெக்சாஸில் ஊர் என்று சொல்லப்படுபவை எல்லாம் சட்டப்படி நகரங்கள் அல்ல. மார்ஃபா ஒரு நகரம். மேயர் உண்டு, நகர சபை உண்டு, சட்டப்படி வரையறுத்த எல்லை உண்டு. டெர்லிங்குவாவுக்கு இவை எதுவும் கிடையாது. நிர்வாகமெல்லாம் கவுண்டியோடு சரி. அதன் அலுவலகம் நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் ஆல்பைனில் இருக்கிறது. அப்படியானால் 78 எங்கிருந்து வந்தது? நகராட்சி இல்லாத குடியிருப்புகளுக்கும் கணக்கு வேண்டும் என்பதற்காக சென்சஸ் துறை தானே ஒரு எல்லையை வரைந்துகொள்கிறது. வரி, தேர்தல், போலீஸ் எதற்கும் அந்தக் கோடு செல்லாது, புள்ளிவிவரத்துக்கு மட்டும்தான். பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை அது மாறவும் கூடும்.

டெர்லிங்குவாவில் அப்படித்தான் மாறியது. 2000இல் ஸ்டூடி பியூட்டையும் டெர்லிங்குவாவையும் சேர்த்து ஒரே பகுதியாக எண்ணினார்கள்: 267 பேர். 2010இல் இரண்டாகப் பிரித்தார்கள்: ஸ்டூடி பியூட் 233, டெர்லிங்குவா 58. இந்தப் பின்னணி தெரியாதவர் 267க்குப் பக்கத்தில் 58ஐ வைத்துப் பார்த்தால், பத்தே ஆண்டில் ஊர் காலியாகிவிட்டது என்றுதான் நினைப்பார். ஏற்கனவே பாழூர் என்று பெயரெடுத்த இடம் வேறு. கதை கச்சிதமாகப் பொருந்திவிடும். ஆனால் இரண்டையும் கூட்டினால் 291. மக்கள் கூடித்தான் இருக்கிறார்கள்.

மார்ஃபாவில் இந்தச் சிக்கல் குறைவு. 2010இல் 1,981, 2020இல் 1,788. கிட்டத்தட்ட பத்து சதவீதச் சரிவு. நகர எல்லைகூட புதுப் பகுதிகளைச் சேர்த்துக்கொண்டு விரியலாம் என்பதால் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். ஆனால் அந்த மாற்றம் ஆவணத்தோடு நடக்கும், தேடினால் கிடைக்கும்.

தபால் எண் காட்டாத ஊர்

ஜிப் கோடு 1963 ஜூலை 1 அன்று வந்தது. தபாலைப் பிரிப்பதையும் கொண்டு சேர்ப்பதையும் வேகப்படுத்தத்தான் அதை வைத்தார்கள், ஊர்களை அடையாளம் காட்ட அல்ல. 7இல் தொடங்கினால் டெக்சாஸ், ஓக்லஹோமா, ஆர்கன்சா, லூசியானா. டெக்சாஸுக்குள் பெரும்பாலானவை 75 முதல் 79 வரை தொடங்கும். எல் பாசோவில் 885இல் தொடங்கும் எண்களும் உண்டு. அதனால் "7இல் தொடங்காவிட்டால் டெக்சாஸ் முகவரி இல்லை" என்று கணினியில் விதி எழுதி வைப்பதும் ஒரு தவறுதான்.

ஜிப் கோடு உண்மையில் ஒரு பரப்பே அல்ல. தபால்காரர் போகும் பாதைகளும் பெட்டிகளும் சேர்ந்த தொகுப்பு அது. யாரும் இல்லாத பாலைநிலத்துக்கு ஜிப் கோடு தேவையே இல்லை. ஒரே எண் இரண்டு கவுண்டிகளில் பரவியிருக்கலாம். தபால் துறை தன் வசதிக்கு ஏற்ப அதை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். இதை வைத்து மக்களை எண்ண முடியாது என்பதால், 2000 சென்சஸிலிருந்து சென்சஸ் துறை ஜிப் கோடுகளைப் போலவே தோன்றும் பரப்புகளைத் தானே உருவாக்குகிறது. நிலத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எந்த ஜிப் அதிகமாக வருகிறதோ, அந்தக் கட்டம் முழுவதையும் அந்த எண்ணில் சேர்த்துவிடும். இணையதளங்கள் "79852இன் மக்கள்தொகை" என்று காட்டுவது பெரும்பாலும் இந்தப் பரப்பின் கணக்கு. தபால் துறையின் 79852ஓடு அது ஏறக்குறைய பொருந்தும். அச்சு அசலாக அல்ல. நாட்டில் ஜிப் கோடுகள் 41 ஆயிரத்துக்கும் மேல், இந்தப் பரப்புகளோ சுமார் 33 ஆயிரம். தபால் பெட்டிகளுக்கு மட்டும் உள்ள எண்களும், ஒரே நிறுவனத்துக்குக் கொடுத்த எண்களும் பெரும்பாலும் கணக்கில் தனியாக வராது.

ஒரே நிறுவனத்துக்குத் தனி எண் என்றால் பெரிய நகரங்களின் சங்கதி என்று தோன்றும். கிழக்கு டெக்சாஸில் ஆண்டர்சன் கவுண்டியில் டென்னசி காலனி என்ற கிராமத்தைப் பாருங்கள். ஊரின் ஜிப் 75861. அங்கே பக்கம் பக்கமாக மூன்று மாநிலச் சிறைகள்: பீட்டோ, காஃபீல்ட், மைக்கேல். அவற்றுக்கு முறையே 75880, 75884, 75886 என்று தனித்தனி எண்கள். முகவரியில் மூன்றுக்கும் ஊர்ப் பெயர் டென்னசி காலனிதான். தபால் எண்களை மட்டும் எண்ணுபவர், நான்கு எண்கள் இருப்பதால் இதைப் பெரிய ஊர் என்று நினைத்துவிடுவார்.

சிறைகளை மறந்து சதவீதம் பேசுவது

என் கணிப்பில் மிகப் பெரிய தீங்கு செய்யும் தவறு இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சென்சஸ் ஒருவரை அவர் வழக்கமாகத் தங்கித் தூங்கும் இடத்தில் எண்ணுகிறது. கைதிகள் சிறையில் தூங்குகிறார்கள், எனவே சிறை இருக்கும் ஊரின் கணக்கில் சேர்கிறார்கள். ஹூஸ்டனிலோ டாலஸிலோ பிறந்து வளர்ந்து, தண்டனை முடிந்ததும் அங்கேயே திரும்பப் போகிறவரும் 2020 ஏப்ரல் 1 அன்று ஆண்டர்சன் கவுண்டிக்காரர். காஃபீல்ட் சிறையின் கொள்ளளவு மட்டுமே நான்காயிரத்துக்கு மேல். மூன்றும் ஆண்கள் சிறைகள். ஆக, அந்தப் பகுதியின் ஆண்–பெண் விகிதம், வயது, இனம் எல்லாமே சாய்ந்துவிடும். இங்கே பெண்களே இல்லையா என்று விழிக்கும் வாசகருக்கு அந்தப் பக்கத்தில் பதில் இருக்காது.

அடுத்த பொறி இதைவிட நுணுக்கமானது. மொத்த மக்கள்தொகை, வயது, பாலினம் ஆகியவற்றில் கைதிகள் உண்டு. குடும்ப வருமானம், வறுமை விகிதம் ஆகியவற்றில் அவர்கள் கிடையாது. அந்தக் கணக்குகள் சிறைவாசிகளை விலக்கியே போடப்படுகின்றன. ஒரே பக்கத்தில் மேலே ஒரு கூட்டத்தின் வயது, கீழே வேறொரு கூட்டத்தின் வருமானம். இரண்டையும் பெருக்கியோ வகுத்தோ ஒரு முடிவுக்கு வருபவர், இல்லாத ஓர் ஊரை உருவாக்கிவிடுகிறார். சிறை, ராணுவ முகாம், முதியோர் இல்லம், கல்லூரி விடுதி போன்றவற்றில் வசிப்பவர்களை சென்சஸ் தனி அட்டவணையில் கொடுக்கிறது. முதலில் அதைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் மற்றவற்றைத் தொட வேண்டும்.

நடுமதிப்பை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடுவது

வருமானம், படிப்பு, வீட்டு வாடகை போன்றவை பத்தாண்டு சென்சஸிலிருந்து வருவதில்லை. அமெரிக்கச் சமூக ஆய்வு என்று ஆண்டு முழுவதும் நடக்கும் மாதிரிக் கணக்கெடுப்பிலிருந்து வருகின்றன. நாடு முழுக்க ஆண்டுக்குச் சுமார் 35 லட்சம் முகவரிகளைத் தேர்ந்தெடுத்துக் கேட்கிறார்கள். 65,000 பேருக்குக் குறைவான இடங்களுக்கு ஓராண்டுக் கணக்கு வெளியிடுவதில்லை, ஐந்தாண்டு விவரத்தைச் சேர்த்துத்தான் தருகிறார்கள். 2018–2022 என்று இருந்தால் அது 2022இன் நிலவரம் அல்ல, ஐந்தாண்டின் கலவை. அதில் பெருந்தொற்றுக்கு முன்னும் பின்னும் உண்டு. அதை 2017–2021 கணக்கோடு ஒப்பிட்டு "ஓராண்டில் உயர்வு" என்று எழுதக் கூடாது. நான்கு ஆண்டுகள் இரண்டிலும் பொது.

நாற்பது, ஐம்பது குடும்பங்கள் உள்ள இடத்தில் இந்த ஆய்வின் கண்ணில் பட்டவை சில வீடுகள்தான். அதனால்தான் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் பிழை வரம்பு போட்டிருப்பார்கள். உதாரணத்துக்கு, நடு வருமானம் (பாதிக் குடும்பங்கள் இதற்கு மேலே, பாதி கீழே) 38,000 டாலர், பிழை வரம்பு 21,000 என்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 90 சதவீத நம்பிக்கையோடு சொல்லக்கூடியது, உண்மை 17,000க்கும் 59,000க்கும் நடுவில் எங்கோ இருக்கிறது என்பதே. ஏழை ஊரா, வசதியான ஊரா என்றுகூட இதை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் மற்ற இணையதளங்கள் இந்த விவரத்தை எடுத்துப் போடும்போது பிழை வரம்பை வெட்டிவிட்டு 38,000ஐ மட்டும் கொட்டை எழுத்தில் போடுகின்றன. பிழை வரம்பு இல்லாத பக்கத்தை நம்பாதீர்கள். சென்சஸ் துறையின் தளத்திலேயே அதே அட்டவணை இருக்கும்.

பத்தாண்டு சென்சஸ் எண்ணும் சிற்றூர்களில் துல்லியமானது இல்லை. தனிநபர் விவரம் வெளியே தெரியாமல் இருக்க, 2020இல் எண்களை வேண்டுமென்றே சிறிது கூட்டிக் குறைத்து வெளியிட்டார்கள். மாநில மொத்தத்தை மட்டும் தொடவில்லை. கவுண்டி, ஊர், தெருக்கட்டம் எல்லாவற்றிலும் இந்த மாற்றம் உண்டு. பெரிய நகரத்தில் இது தெரியாது. நாட்டிலேயே குறைந்த மக்கள் உள்ள லவிங் கவுண்டியின் எண்ணிக்கை 64. இப்படிப்பட்ட இடத்தில் இரண்டு மூன்று பேரின் ஏற்ற இறக்கத்தை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. சதவீதம் இன்னும் மோசம்: ஐந்து பேர் குடும்பம் ஒன்று குடிவந்தால் மக்கள்தொகை எட்டு சதவீதம் ஏறிவிடும்.

எண்ணப்படாமல் விடுபடுவது தனிக் கதை. வீட்டுக்குத் தபால் வராத இடங்களில் தபால் பெட்டிதான் முகவரி. அங்கே சென்சஸ் படிவத்தை ஊழியர்களே வீட்டு வாசலில் வைத்துவிட்டு வர வேண்டும். 2020 மார்ச்சில் அந்த வேலை தொடங்கிய சூட்டிலேயே தொற்றினால் நின்றுபோனது. பின்னர் நடந்த சரிபார்ப்பில் டெக்சாஸ் முழுவதும் 1.92 சதவீதம் குறைவாக எண்ணப்பட்டது தெரியவந்தது; ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள்.

இனக் கணக்கைக் கூட்டுவதில் வரும் குழப்பம்

எல்லையோர ஊர்களின் பக்கங்களில் "வெள்ளையர் 70%, ஹிஸ்பானிக் 80%" என்பது போல வரும். கூட்டினால் நூறைத் தாண்டும். தவறு அச்சிலும் இல்லை, கணக்கிலும் இல்லை. சென்சஸ் இவற்றை இரு வேறு கேள்விகளாகக் கேட்டது. ஒருவரே இரண்டிலும் வருவார். 2010இன் இனக் கணக்கை 2020ஓடு அப்படியே ஒப்பிடவும் கூடாது. பதில்களை வகைப்படுத்தும் முறையை மாற்றியதால், பல இனத்தவர் என்ற பிரிவு நாடளவில் 90 லட்சத்திலிருந்து 3.38 கோடியாக எகிறியது. அத்தனை பேரும் புதிதாக முளைத்தவர்கள் அல்லர். 2024இல் இரு கேள்விகளையும் ஒன்றாக்க முடிவு செய்திருப்பதால், அடுத்த சென்சஸிலும் இதே சிக்கல் வரலாம்.

பூட்டிய வீடுகளைப் பார்த்து ஊர் செத்துவிட்டது என்று எழுதுவதும் உண்டு. பிக் பெண்ட் தேசியப் பூங்காவை ஒட்டிய பகுதியில் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடும் வீடுகள் ஏராளம். அவற்றை சென்சஸ் காலி வீடு என்ற பட்டியலில்தான் வைக்கும். பருவகால உபயோகம் என்ற உட்பிரிவைப் பார்த்தால் விஷயம் புரிந்துவிடும்.

பழைய ஆவணம், புதிய பார்சல்

ஊர் வரலாறு தேடுகிறவர்கள், தபால் நிலையம் இருந்த இடம்தான் ஊர் என்று நம்பிவிடுகிறார்கள். டெர்லிங்குவாவில் இது மோசமாகத் தவறும். முதலில் அந்தப் பெயர் ரியோ கிராண்டே ஆற்றுக்கு அருகே ஓடை ஓரத்தில் இருந்த மெக்சிகக் கிராமத்துக்கு உரியது. பாதரசம் கிடைத்ததும் மார்ஃபா அண்டு மாரிபோசா சுரங்க முகாம் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டது. பழைய கிராமம் டெர்லிங்குவா அபாஹோ ஆனது. 1910இல் அந்தச் சுரங்கம் மூடியபின், தபால் நிலையம் சுமார் பத்து மைல் கிழக்கே சிசோஸ் சுரங்க நிறுவனத்தின் முகாமுக்குப் போனது, பெயரும் கூடவே போனது. 1905 கடிதத்தின் முத்திரையில் உள்ள டெர்லிங்குவாவை இன்றைய வரைபடத்தில் தேடினால் தவறான மலையடிவாரத்தில் போய் நிற்பீர்கள்.

பார்சல் அனுப்புபவர்களுக்கும் ஒன்று உண்டு. தனியார் கூரியர் பொதுவாகத் தபால் பெட்டிக்குப் போகாது. தபால் துறையோ வீட்டு முகவரிக்குப் போகாமல் இருக்கலாம். எந்தச் சேவையில் அனுப்புகிறீர்கள் என்பதைப் பெறுபவரிடம் சொல்லி, அதற்கேற்ற முகவரியைக் கேட்டு வாங்குங்கள். பழைய கிராமப் பாதை எண்ணும் பெட்டி எண்ணும் உள்ள முகவரிகள் பலவும் 911 அவசர சேவைக்காகத் தெருப் பெயர் முகவரிகளாக மாறிவிட்டன. அப்புறம், 2012இல் தொடங்கிய திட்டத்தில் நாடு முழுக்கச் சுமார் 13,000 கிராமத் தபால் நிலையங்களின் கவுன்ட்டர் நேரத்தை நாளுக்கு இரண்டு, நான்கு, ஆறு மணி நேரமாகக் குறைத்தார்கள். போய் வாங்க நெடுந்தூரம் ஓட்டி வருகிறவருக்கு அந்த நேரம் தெரிந்திருப்பது முக்கியம்.

கடை நடத்துபவர்கள் ஜிப் கோடை வைத்து விற்பனை வரி போடுவதும் இதே வகைத் தவறுதான். மாநில வரி 6.25 சதவீதம், உள்ளூர் வரி அதன்மேல் அதிகபட்சம் 2 சதவீதம். உள்ளூர்ப் பங்கைத் தீர்மானிப்பது நகரம், கவுண்டி, சிறப்பு மாவட்டங்கள் (ஒரு தனிப் பணிக்காக அமைத்த உள்ளூர் அமைப்புகள்) ஆகியவற்றின் எல்லைகள். ஜிப் கோடு அவற்றைப் பொருட்படுத்துவதில்லை. ஒரே ஜிப்பில் சாலைக்கு இந்தப் பக்கம் ஒரு விகிதம், அந்தப் பக்கம் வேறு விகிதம் இருக்கலாம். மாநிலக் கணக்காயர் அலுவலகத்தின் தளத்தில் முழுத் தெரு முகவரியைக் கொடுத்துத் தேடினால் சரியான விகிதம் கிடைக்கும்.