சின்னத் தீவு, ஒரு வாரம்: மால்டா சுற்றுலாவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சுங்கை சிப்புட்டில் நாலைந்து குடும்பம் சேர்ந்து வெளிநாடு போவது இப்போது சாதாரணமாகிவிட்டது. தோட்டத்தில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர்கள், ஆசிரியர்கள், பிள்ளைகளை ஆளாக்கிவிட்ட அம்மாக்கள் எல்லாரும் கிளம்புகிறார்கள். தமிழ்நாட்டுக் கோயில்கள், பாலி எல்லாம் பார்த்தாயிற்று, அடுத்து எங்கே என்று பேசும்போது மால்டாவின் பெயர் அடிபடுகிறது. நல்ல தேர்வுதான். இத்தாலியின் சிசிலித் தீவுக்குத் தெற்கே, மத்தியத்தரைக் கடலில், மொத்தமே 316 சதுர கிலோமீட்டர். பினாங்குத் தீவை விடக் கொஞ்சம்தான் பெரிது. மலேசியக் கடப்பிதழுக்கு விசா வேண்டாம். ஆங்கிலமும் ஆட்சிமொழி. 1964 வரை பிரிட்டிஷ்காரர்கள் கையில் இருந்த இடம் என்பதால் வண்டிகள் இடப்பக்கம் ஓடும், நம் வீட்டு மூன்று முனைப் பிளக் அப்படியே பொருந்தும். இவ்வளவு வசதி இருப்பதாலேயே ஆட்கள் முன்தயாரிப்பில் அசட்டையாக இருந்துவிடுகிறார்கள்.

பெரும்பாலான தவறுகள் "சின்னத் தீவுதானே, மூன்று நாள் போதும்" என்ற நினைப்பில்தான் தொடங்குகின்றன. மிச்ச நாளில் சிசிலியையும் ரோமையும் திணித்துத் தரும் திட்டத்தை லாபம் என்று எடுத்துக்கொள்கிறோம். கணக்குப் போட்டுப் பாருங்கள். கோலாலம்பூரிலிருந்து நேரடி விமானம் கிடையாது; இஸ்தான்புல்லிலோ துபாயிலோ மாற வேண்டும். கோடையில் ஆறு மணி நேர வித்தியாசம், குளிர்காலத்தில் ஏழு. இறங்கிய நாள் தூக்கத்தில் போய்விடும், கடைசி நாள் பெட்டி கட்டுவதில் போய்விடும். ஏழு நாள் திட்டத்தில் உருப்படியாகக் கிடைப்பது ஐந்து நாள். அதில் ஒன்றைச் சிசிலிக்குக் கொடுத்தால், விடியுமுன் கப்பலேறி இரவு களைத்துத் திரும்ப வேண்டியதுதான். ஐயாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட கற்கோயில்கள், 1565 துருக்கியர் முற்றுகைக்குப் பிறகு வீரத்துறவிகள் (போர்வீரர்களாகவும் இருந்த கத்தோலிக்கத் துறவிகள்) கட்டியெழுப்பிய தலைநகர் வலெட்டா, பழைய தலைநகரான இம்தீனா, இரண்டாம் உலகப்போர்ச் சுரங்கங்கள் என்று இந்தத் தீவில் மட்டுமே ஒரு வாரத்துக்குத் தாராளமாக விஷயம் இருக்கிறது.

அடுத்தது, என்னைக் கேட்டால் இதுதான் மிகப் பெரிய இழப்பு: ஹைப்போஜியத்துக்கு முன்பதிவு செய்யாமல் போவது. ஹால் சஃப்லியேனி ஹைப்போஜியம் என்பது பாறையைக் குடைந்து மூன்று அடுக்காகத் தரைக்கடியில் செய்த கோயிலும் இடுகாடும் சேர்ந்த ஒரு இடம். 1902இல் வீடு கட்ட வந்தவர்கள் தண்ணீர்த் தொட்டிக்குத் தோண்டும்போது அகப்பட்டது. ஏறக்குறைய ஏழாயிரம் பேரின் எலும்புகள் அங்கே இருந்திருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். கூரையில் செங்காவிச் சுருள்கள் இன்னும் அழியாமல் இருக்கின்றன. நாம் விடும் மூச்சின் ஈரமும் கரியமில வாயுவும் அந்தக் காவியைக் கெடுக்கும் என்பதால், ஒரு முறைக்குப் பத்துப் பேரை மட்டுமே விடுகிறார்கள். ஒரு நாளைக்குச் சில முறைதான். இருபது பேர் பஸ்ஸில் போய் இறங்கினால் சேர்ந்தாற்போல் உள்ளே போக முடியாது. இடங்களோ பல வாரங்களுக்கு முன்பே தீர்ந்துவிடும். சுற்றுலாத் தாளில் படம் போட்டிருப்பதை நம்பாதீர்கள். "ஹைப்போஜியம் டிக்கெட் எங்கள் பெயரில் எடுத்தாயிற்றா, எந்தத் தேதி, எத்தனை மணிக்கு?" என்று முகவரிடம் நேராகக் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால், இந்த இடத்தை நிர்வகிக்கும் ஹெரிட்டேஜ் மால்டாவின் இணையதளத்தில் நீங்களே எடுத்துவிடலாம். ஆறு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கு அனுமதி இல்லை, படம் பிடிக்கவும் கூடாது.

டிக்கெட் கிடைக்காதவர்கள் வலெட்டாவின் தொல்பொருள் அருங்காட்சியகத்தையாவது விடாதீர்கள். ஹைப்போஜியத்தில் கிடைத்த "உறங்கும் பெண்" அங்கேதான் இருக்கிறாள். பன்னிரண்டு சென்டிமீட்டர்தான், உள்ளங்கையில் அடங்கிவிடும் சுடுமண் பொம்மை. நல்ல பருத்த உடம்பு. கட்டிலில் ஒருக்களித்துப் படுத்து, கையைத் தலைக்கு அணை கொடுத்திருப்பாள். அவள் பாரத்தில் கட்டில் தொய்ந்திருப்பதுகூடத் தெரியும். வழிகாட்டி அவசரப்படுத்தினாலும் அந்தக் கண்ணாடிப் பெட்டி முன்னால் கொஞ்ச நேரம் நில்லுங்கள்.

தேவாலயங்களில் வேறொரு சிக்கல். திட்டத்தில் பெயர் இருந்தாலும் வாசலில் நின்று படம் எடுத்துவிட்டுக் கிளம்பும் குழுக்கள் உண்டு. வலெட்டாவின் புனித யோவான் இணைப்பேராலயம் வெளியே வெறும் கல் சுவர் போல எளிமையாக இருக்கும். உள்ளே போனால் கண் கூசும் தங்க வேலைப்பாடு. 1608இல் இத்தாலிய ஓவியர் கரவாஜியோ வரைந்த, திருமுழுக்கு யோவானின் தலை வெட்டப்படும் ஓவியம் இங்கே இருக்கிறது. அவர் கையெழுத்துப் போட்ட ஒரே ஓவியம் அது. அந்தக் கையெழுத்தையும் சிந்திக் கிடக்கும் ரத்தத்திலேயே போட்டிருக்கிறார். தரை முழுக்க வீரத்துறவிகளின் பளிங்குக் கல்லறைகள் என்பதால் கூர்மையான ஹீல்ஸ் போட்டவர்களை விட மாட்டார்கள். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டுக்கு மட்டும்தான். ஆகவே வலெட்டாவை ஞாயிற்றுக்கிழமையில் வைத்திருக்கும் திட்டத்தை மாற்றச் சொல்லுங்கள். அன்றைக்கு மார்சஷ்லொக் மீன் சந்தைக்குப் போவதே சரி.

காலணி விஷயத்தை வயதானவர்கள் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நம் ஊரில் கோயிலுக்கும் கடைக்கும் காடியிலோ மோட்டாரிலோ போய்ப் பழகிவிட்டோம். வலெட்டாவின் தெருக்கள் கடலை நோக்கிச் செங்குத்தாக இறங்கும், பல இடங்களில் தெருவே படிக்கட்டுதான். மிதிபட்டு வழவழப்பான சுண்ணாம்புக் கல்லில் சிலிப்பர் வழுக்கும். ரப்பர் அடி வைத்த மூடிய காலணியை வாங்கி, புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே போட்டு நடந்து பழகுங்கள். முட்டி வலி உள்ளவர்கள் துறைமுகத்திலிருந்து மேலே ஏற பராக்கா லிஃப்ட் இருக்கிறது. 58 மீட்டரை ஒரே மூச்சில் ஏற்றிவிடும். வழிகாட்டியிடம் முதல் நாளே சொல்லி வையுங்கள்.

"வெயில் நமக்குப் புதுசா?" என்று ஜூலை, ஆகஸ்டில் கிளம்புவதும் தவறுதான். நம் வெயிலுக்கு நடுவில் ரப்பர் மர நிழல் உண்டு, சாயங்கால மழை உண்டு. மால்டா கோடையில் மழை கிடையாது, மரம் குறைவு, வெளிர்மஞ்சள் கல் வெளிச்சத்தை முகத்தில் அடிக்கும். ஹஜார் ஈம் கற்கோயிலில் நடுப்பகலில் நிற்க முடியாது. ஏப்ரல், மே, அக்டோபர் நல்ல மாதங்கள். வேறு வழியில்லாமல் கோடையில்தான் விடுப்பு கிடைக்கிறதா? சரி, அதிலும் ஒரு பலன் இருக்கிறது. அது ஊர்த் திருவிழாக் காலம். ஊர்ப் புனிதரின் சொரூபத்தைத் தோளில் சுமந்து வருவார்கள். பேண்டு வாத்தியம், வாணவேடிக்கை, தெருவெல்லாம் தோரணம் என்று நம் தோட்டத்து மாரியம்மன் திருவிழா மாதிரியே இருக்கும். அந்த வாரம் எந்த ஊரில் விழா என்று வழிகாட்டியிடம் கேட்டு, ஒரு சாயங்காலத்தை ஒதுக்குங்கள்.

மால்டா நாட்டின் இன்னொரு தீவான கோசோவுக்கு அரை நாள் மட்டும் தரும் திட்டத்தை ஏற்காதீர்கள். சிர்கெவா படகுத்துறையிலிருந்து படகு 25 நிமிடம்தான், ஆனால் வரிசையும் பஸ் பயணமும் சேர்த்தால் காலைப் பொழுது போய்விடும். எகிப்துப் பிரமிடுகளுக்கும் முந்தைய ஜ்கந்தியா கோயில்கள் அங்கே இருக்கின்றன. இன்னொன்று: கடலில் வளைவாக நின்ற நீலச் சாளரப் பாறை 2017 மார்ச் 8ஆம் தேதி புயலில் இடிந்து விழுந்துவிட்டது. இன்னும் அதன் படத்தைப் போட்டு விற்கிற முகவர் தம் தாளைப் பல ஆண்டாகப் புரட்டிப் பார்க்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

சாப்பாட்டுக்குப் பயந்து பெட்டி நிறையக் கட்டிக்கொண்டு போக வேண்டாம். இறைச்சி, பால் சேர்ந்த பொருள்களை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகத் தடை. கோழி ரெண்டாங்கும் நெய் டப்பாவும் பறிபோகும். இட்லிப்பொடி, ஊறுகாயோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முயல் கறி அங்கே பெயர்போனது. மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொள்வது நல்லது. பட்டாணி வைத்துச் சுட்ட பஸ்டிஸி என்ற மொறுமொறு பலகாரம் சூடாகக் கிடைக்கும். சுத்த சைவம் என்றால் மாவில் பன்றிக்கொழுப்பு சேர்த்திருக்கிறார்களா என்று மட்டும் விசாரியுங்கள்.

கடைசியாகப் பணம். ஊழியர் சேமநிதியிலிருந்து எடுத்த காசைத் தெரிந்தவர் என்ற ஒரே காரணத்துக்காக வாட்ஸ்அப் செய்தியை நம்பி அனுப்பிவிடுகிறார்கள். வெளிநாட்டுச் சுற்றுலா நடத்த சுற்றுலா, கலை, பண்பாட்டு அமைச்சின் (மோத்தாக்) உரிமம் வேண்டும். மோத்தாக் இணையதளத்தில் நிறுவனத்தின் பெயரைத் தட்டினால் தெரிந்துவிடும். பணம் நிறுவனத்தின் வங்கிக் கணக்குக்குப் போக வேண்டும், தனி ஆளின் கணக்குக்கு அல்ல. எந்த இடங்களுக்கு உள்ளே அழைத்துப் போவார்கள், நுழைவுக் கட்டணம் யார் பொறுப்பு, ரத்தானால் எவ்வளவு திரும்பும் என்பதை ரசீதோடு எழுத்தில் வாங்குங்கள். தகராறு வந்தால் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை வழக்கறிஞர் இல்லாமலே பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் பதிவு செய்யலாம், கட்டணம் ஐந்து ரிங்கிட். அங்கே கேட்கப்போவது அந்த எழுத்தைத்தான். அப்புறம், முன்பணம் கட்டும் நாளிலேயே கடப்பிதழைத் திறந்து பாருங்கள். ஐரோப்பாவை விட்டுக் கிளம்பும் தேதிக்குப் பிறகும் குறைந்தது மூன்று மாதம் அது செல்லுபடியாக வேண்டும்.