வளவு வீட்டில் சின்னம்மை கண்ட பிள்ளையைப் பராமரிக்கும் முறை

செட்டிநாட்டு வீட்டில் ஒரு பிள்ளைக்குச் சின்னம்மை கண்டால் முதலில் தீர்மானிக்க வேண்டியது எந்த அறை என்பதே. வளவை, அதாவது வீட்டின் நடுமுற்றத்தை, சுற்றியுள்ள அறைகள் பலவற்றில் காற்று வளவுப் பக்கமாகத்தான் வெளியேறும். இக்கிருமியோ காற்றிலும் பரவக்கூடியது. ஆகவே தெருப்பக்கமோ தோட்டப்பக்கமோ சன்னல் உள்ள அறையை, அது மாடியில் இருந்தாலும் சரி, பிள்ளைக்கு ஒதுக்கி, சன்னலைத் திறந்தும் வளவுப்பக்கக் கதவைச் சாத்தியும் வைக்க வேண்டும். நிலையில் வேப்பிலை செருகும் வழக்கத்தைக் கைவிட வேண்டியதில்லை. உள்ளே வராதீர்கள் என்று சொல்ல அதைவிடத் தெளிவான அறிவிப்பு நம் ஊரில் வேறில்லை.

பார்த்துக்கொள்பவர் ஒருவராகவே இருக்கட்டும். சின்னம்மை முன்பே வந்துபோன அப்பத்தாவோ, இரண்டு தவணை தடுப்பூசி போட்டுக்கொண்டவரோ அதற்குப் பொருத்தமானவர். ஒவ்வொரு முறையும் பிள்ளையைத் தொட்டபின் அவர் சோப்பிட்டுக் கைகழுவ வேண்டும். பிள்ளையின் துணிகளைத் தனியாகச் சோப்பு போட்டுத் துவைத்து வெயிலில் காயவைத்தால் போதும்.

தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள்வரை குளிப்பாட்டக் கூடாது என்பதில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. வெதுவெதுப்பான நீரில் நாள்தோறும் குளிப்பாட்டி, தேய்க்காமல் ஒற்றியெடுத்தால் அரிப்புத் தணியும். புண்ணில் சீழ் பிடிக்கும் வாய்ப்பும் குறையும். நகங்களை ஒட்ட வெட்டிவிட வேண்டும். கொப்புளத்தின் மீது அரைத்த விழுதைத் தடவுவதைவிட, அரிப்பைத் தணிக்கும் பூச்சு மருந்தான காலமைன் மேலானது. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால், உடல் எடைக்கேற்ப மருத்துவர் சொன்ன அளவில் கொடுக்கலாம். ஆஸ்பிரின் கல்லீரலையும் மூளையையும் தாக்கும் ரேய் நோய்க்கு வழிவகுக்கும் என்பதால் அறவே கூடாது. வாயிலும் கொப்புளம் இருக்குமாதலால் ஆறிய கஞ்சி, மோர், இளநீர் ஆகியவற்றை அடிக்கடி கொடுக்க வேண்டும். மூச்சு இரைப்பு, ஓயாத வாந்தி, அரைமயக்கம், வலிப்பு, கொப்புளத்தைச் சுற்றிச் சூடாகப் பரவும் சிவப்பு ஆகியவற்றில் எது தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

எல்லாக் கொப்புளங்களும் பொருக்குத் தட்டும்வரை, அதாவது பெரும்பாலும் 5 முதல் 7 நாள், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பக் கூடாது. தட்டம்மையானால் தடிப்புத் தோன்றியபின் 4 நாளும், பொன்னுக்கு வீங்கியானால் வீக்கம் கண்டபின் 5 நாளும் ஒதுக்கி வைக்க வேண்டும். தட்டம்மைக்கு மருத்துவர் வைட்டமின் ஏ தருவார். அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது.

பலரும் விட்டுவிடும் வேலை ஒன்றுண்டு. சின்னம்மை, கொப்புளம் தெரிவதற்கு 2 நாள் முன்னரே தொற்றத் தொடங்கிவிடும். கல்யாணத்துக்கோ பிள்ளையார் நோன்புக்கோ கூடியிருந்த வீடானால், அந்த 2 நாளில் வந்துபோனவர்களை நினைவுபடுத்தி எழுதி, சென்னைக்கோ மலேசியாவுக்கோ திரும்பியவர்கள் உட்பட எல்லோருக்கும் தொலைபேசியில் சொல்லிவிட வேண்டும். அம்மை என்று வாய்விட்டுச் சொல்லத் தயங்குவது இங்கே உதவாது. அவர்களுள் சின்னம்மை வராத கர்ப்பிணியோ புற்றுநோய்ச் சிகிச்சை பெறுபவரோ இருந்தால், கொப்புளம் வரட்டும் என்று காத்திராமல் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். மற்றப் பிள்ளைகளின் உடம்பை 21 நாள்வரை தினமும் பார்த்துவர வேண்டும்.