டிரைவ் போட்ட மோட்டார்ல பேரிங் அடிக்கடி போகுதா? கரண்ட் எந்த வழியா போகுதுன்னு மொதல்ல பாருங்க

ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டர்ல வருஷக்கணக்கா சத்தமில்லாம ஓடின மோட்டார், கரண்ட் பில் குறையட்டும்னு விஎஃப்டி டிரைவ், அதாவது மோட்டார் வேகத்த கூட்டிக் குறைக்கற கருவி, போட்ட கொஞ்ச மாசத்துலயே பேரிங் கத்த ஆரம்பிக்குதுன்னா அது தற்செயல் இல்லைங்க. கோயம்புத்தூர் பக்கம் ஸ்பின்னிங் மில் ஹியூமிடிஃபிகேஷன் (காத்துல ஈரம் சேர்க்கற) பிளான்ட் ஃபேன் மோட்டார்ல இது ரொம்ப சகஜம். பேரிங் டூப்ளிகேட், கிரீஸ் சரியில்ல, பெல்ட் டைட்னு ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்லுவாங்க, பேரிங்க மாத்துவாங்க, அடுத்ததும் அதே மாதிரி போகும். அதுக்காக டிரைவ கழட்டவும் முடியாது, ஏன்னா ஃபேன் ஸ்பீட 80 சதவீதத்துக்கு இறக்கினாலே பவர் கிட்டத்தட்ட பாதியாயிடும், அந்த மிச்சத்த எந்த முதலாளியும் விடமாட்டார்.

என்ன நடக்குதுன்னு சுருக்கமா சொல்லிடறேன். நேரடி சப்ளைல மூணு ஃபேஸ் வோல்டேஜையும் எந்த நொடில கூட்டினாலும் பூஜ்யம் வரும். டிரைவ் அப்படி இல்ல, 415 வோல்ட்ட டிசி ஆக்கி, சுமார் 585 வோல்ட்ட செகண்டுக்கு ஆயிரக்கணக்கான தடவ வெட்டி வெட்டி அனுப்புது, அந்த வெட்டுன துண்டுகள கூட்டினா பூஜ்யம் வராது. மிஞ்சற வோல்டேஜுக்கு காமன் மோட் வோல்டேஜ்னு பேரு. அசையாம நிக்கற ஸ்டேட்டர் வைண்டிங்குக்கும் சுத்தற ரோட்டாருக்கும் நடுவுல இருக்கற ஏர் கேப் ஒரு சின்ன கெப்பாசிட்டரா வேலை செய்யறதால அதுல ஒரு பங்கு ஷாஃப்ட்ல ஏறி உக்காந்துக்கும். ஷாஃப்ட்டுக்கும் பாடிக்கும் நடுவுல இருக்கறது பால் மேல ஒரு மைக்ரான் அளவுக்கு இருக்கற கிரீஸ் படலம் மட்டும்தான், சில வோல்ட்லேந்து முப்பது வோல்ட் வரைக்கும் ஏதோ ஒரு கட்டத்துல அது கிழியும், குட்டி ஸ்பார்க் அடிக்கும், அந்த இடத்துல ஸ்டீல் உருகி ஒரு புள்ளி பள்ளம் விழும். இதே கதை ராத்திரி பகலா நடந்தா என்ன ஆகும்னு சொல்லவே வேண்டாம்.

இது கரண்ட் அடிச்ச பேரிங்தானான்னு மொதல்ல உறுதி பண்ணுங்க, இத விட்டுட்டு எதையும் வாங்காதீங்க. கழட்டின பேரிங்க தூக்கி ஸ்கிராப்ல போடாம அவுட்டர் ரேஸ, அதாவது வெளி வளையத்த, கட்டிங் வீல்ல ரெண்டா வெட்டி, கெரசின்ல கழுவி, வெளிச்சத்துல லென்ஸ் வச்சு பாருங்க. பால் ஓடற டிராக் பளபளப்பு போய் சாம்பல் கலர்ல மங்கி இருந்தா அது ஆரம்ப கட்டம். முத்திப்போச்சுன்னா டிராக் முழுக்க நெருக்கமா, ஒரே இடைவெளில, குறுக்கு குறுக்கா கோடு விழுந்து தகர ஷீட் மாதிரி இருக்கும், இதுக்கு ஃப்ளூட்டிங்னு பேரு, ஒரே ஸ்பீட்ல ரொம்ப நாள் ஓடற மோட்டார்ல இது இன்னும் தெளிவா தெரியும். கிரீஸும் கருகி கன்னங்கரேல்னு இருக்கும். ஒண்ணு கவனிங்க, கோடு பால் இருந்த இடங்கள்ல மட்டும், பாலுக்கு பால் எவ்வளவு இடைவெளியோ அதே இடைவெளில இருந்தா அது கரண்ட் இல்ல, நிறுத்தி வச்ச மோட்டார் பக்கத்து மெஷின் அதிர்வுல வாங்கின அடி. ஸ்பேர் மோட்டார கம்ப்ரெசர் பக்கத்துல மாசக்கணக்கா சும்மா வச்சிருந்தா அப்படி ஆகும், அதுக்கு வைத்தியம் வேற.

ஓடற மோட்டார்லயே பாக்கணும்னா ஆசிலோஸ்கோப் வேணும், 100 மெகா ஹெர்ட்ஸ் பேண்ட்வித் இருக்கற பேட்டரில ஓடற கைல பிடிக்கற ஸ்கோப் போதும். புரோப் நுனில கார்பன் ஃபைபர் பிரஷ் மாட்டி சுத்தற ஷாஃப்ட்ட லேசா தொடவிட்டு, எர்த் கிளிப்ப மோட்டார் பாடில பெயிண்ட் இல்லாத இடத்துல மாட்டுங்க. வோல்டேஜ் ஏறி ஏறி வந்து திடீர்னு செங்குத்தா விழுந்துச்சுன்னா ஒவ்வொரு விழுகையும் பேரிங்குள்ள ஒரு ஸ்பார்க். மல்டிமீட்டர வச்சு ஷாஃப்ட்ட தொட்டுட்டு ரெண்டு வோல்ட்தான் காட்டுது ஒண்ணும் இல்லன்னு சொல்றவங்க பேச்ச கேக்காதீங்க, அந்த வேகத்துக்கு மல்டிமீட்டர் ஈடு கொடுக்காது. தொளதொள சட்டைக் கையோட சுத்தற ஷாஃப்ட் கிட்ட போகாதீங்க, சொல்லவேண்டியது என் கடமை.

டிரைவே இல்லாத மோட்டார்ல இப்படி ஆச்சுன்னா வெல்டிங்க சந்தேகப்படுங்க. பைப்லயோ ஃபேன் ஸ்ட்ரக்சர்லயோ வெல்டு வைக்கறப்ப எர்த் கிளாம்ப்ப எங்கயோ தூரத்துல இருக்கற ஆங்கிள்ல மாட்டுவாங்க, கரண்ட் திரும்பி போற வழில உங்க மோட்டார் பேரிங் இருந்தா அது வழியாவும் போகும், ஒரே நாள்ல பேரிங் காலி. வெல்டு வைக்கற எடத்துக்கு பக்கத்துலயே, அதே பீஸ்லயே கிளாம்ப் மாட்டணும், இதுல வெல்டர் கூட சண்டை போட்டாலும் தப்பில்ல.

சரி, டிரைவ்தான் காரணம்னு தெரிஞ்சு போச்சு. இங்க எல்லாரும் பண்றது நேரா விலை ஒசந்த பேரிங் வாங்கறது. என்னைக் கேட்டா மொதல்ல கேபிளையும் எர்த்தையும் பாக்கணும், ஏன்னா அது சரியில்லாம மேல எது போட்டாலும் கரண்ட் வேற வழி தேடி பம்ப் பேரிங், கியர் பாக்ஸ், வேகம் அளக்கற என்கோடர்னு ஏதாவது ஒண்ணுல போய் நிக்கும். மோட்டாருக்கு ரெண்டு பாடி எர்த் போட்டிருக்கமேன்னு சொல்லுவீங்க, அது ஷாக் அடிக்காம இருக்கறதுக்கு, கட்டாயம் இருக்கணும், ஆனா இந்த ஹை ஃப்ரீக்வன்சி கரண்டுக்கு நீளமான ஜிஐ கம்பியோட இண்டக்டன்ஸே (வேகமா மாறற கரண்ட எதிர்க்கற குணம்) பெரிய தடை. எர்த் பிட் ஓம்ஸ் எவ்வளவு கம்மின்னு பாக்கறது இங்க பெருசா உதவாது, மோட்டார் பாடிலேந்து டிரைவ் பாடிக்கு திரும்பி வர்ற வழி கிட்டக்கயும் அகலமாவும் இருக்கான்னு பாருங்க.

அதுக்கு சரியான கேபிள்னா மூணு ஃபேஸ் கோரும், அதுக்கு நடுநடுவுல சமமா பிரிச்சு வச்ச மூணு எர்த் கோரும், மேல செம்பு ஷீல்டும் இருக்கற டிரைவ் கேபிள். நம்ம ஊர்ல சாதாரணமா இழுக்கற மூணரை கோர் அலுமினியம் கேபிள்ல அந்த அரை கோர எர்த்தா கொடுத்தா அது ஒரு ஃபேஸுக்கு தூரமாவும் மத்த ரெண்டுக்கு பக்கமாவும் இருக்கும், சமம் கெட்டுப்போகும், மோட்டார் பெருசாக பெருசாக இது வலிக்கும். ஷீல்ட ரெண்டு முனையிலயும் கட்டணும், அதுவும் முறுக்கி வால் மாதிரி இழுத்து ஒரு போல்ட்ல மாட்டாம, சுத்திலும் முழுசா பிடிக்கற மாதிரி மெட்டல் கிளாண்ட் போட்டு. மேல இரும்புக் கம்பி சுத்தின பழைய ஆர்மர்டு கேபிள மாத்த பட்ஜெட் இல்லன்னா குறைஞ்சது ஆர்மர ரெண்டு பக்கமும் டபுள் கம்ப்ரெஷன் கிளாண்ட்ல பெயிண்ட் சுரண்டி நல்லா பிடிங்க, மோட்டார் பாடிலேந்து அது இழுக்கற மெஷினோட பேஸ் ஃபிரேமுக்கு பின்னல் போட்ட தட்டையான செம்பு ஸ்டிராப் ஒண்ணு குட்டையா கட்டுங்க.

அப்புறம் காசே செலவில்லாத ஒரு வேலை, டிரைவ் பாராமீட்டர்ல கேரியர் ஃப்ரீக்வன்சிய, அதாவது செகண்டுக்கு எத்தன தடவ வெட்டுதுங்கறத, பாருங்க. மோட்டார் கீச்சுனு கத்துதுன்னு யாராவது அத எட்டு, பத்து கிலோ ஹெர்ட்ஸுக்கு ஏத்தி வச்சிருப்பாங்க. ரெண்டு மூணுக்கு இறக்கினா வெட்டுற எண்ணிக்கை குறையும், ஸ்பார்க் அடிக்கற வாய்ப்பும் குறையும், கத்தல் கொஞ்சம் வரும், ஃபேன் ரூம்ல அது யாருக்கு கேக்கப்போகுது. இது மட்டுமே பேரிங்க காப்பாத்தாது, ஆனா செய்யாம இருக்கவும் காரணம் இல்ல.

இப்ப மோட்டாருக்கே வருவோம். நூறு எச்பி, அதாவது 75 கிலோவாட் வரைக்கும் பெரும்பாலும் ஷாஃப்ட் கிரவுண்டிங் ரிங் ஒண்ணு போதும். நுண்ணிய கார்பன் நார் உள்பக்கம் சுத்திலும் இருக்கற வளையம் அது, ஷாஃப்ட்ல ஏறற வோல்டேஜ பேரிங் வரைக்கும் விடாம பாடிக்கு இறக்கிடும். பழைய பாணி ஸ்பிரிங் வச்ச கார்பன் பிரஷும் இதே வேலைய செய்யும், விலையும் கம்மி, ஆனா தேயும், பஞ்சு பறக்கற மில்லுல தூசி அடைச்சு தொடாமலே நிக்கும், மாசாமாசம் பாக்க ஆள் இருந்தா மட்டும் போடுங்க. ரிங் மாட்டறப்ப கவனம் வேணும்: ஷாஃப்ட்ல பெயிண்ட், துரு, எண்ணெய் எதுவும் இருக்கக்கூடாது, எமரி போட்டு தேச்சு துடைங்க, கீவே (ஷாஃப்ட்ல சாவி உக்கார்ற காடி) மேல நார் ஓடக்கூடாது. ரிங் உக்கார்ற கவர்ல பெயிண்ட சுரண்டுங்க, ஸ்க்ரூல திரெட் லாக் பசை போடாதீங்க, கரண்ட் போகாது, ஒட்டறதா இருந்தா கரண்ட் கடத்தற எபாக்ஸி மட்டும். மாட்டி முடிச்சு ரிங்குக்கும் மோட்டார் பாடிக்கும் கன்டின்யூட்டி பாத்துட்டு கவர் மூடுங்க.

நூறு எச்பிக்கு மேல போனா இன்னொரு ஆள் சேர்ந்துக்கறார். பெரிய மோட்டார்ல ஷாஃப்ட், ரெண்டு பேரிங், பாடி இந்த நாலும் சேர்ந்து ஒரு வளையமா ஆகி அதுக்குள்ளயே கரண்ட் சுத்தும். டிரைவ் பொறக்கறதுக்கு முன்னாடியே, 1920கள்லயே பெரிய ஜெனரேட்டர்ல இத கண்டுபிடிச்சு ஒரு பக்க பேரிங்க இன்சுலேட் பண்ணியிருக்காங்க, டிரைவ் வந்ததும் அதே வியாதி ஹை ஃப்ரீக்வன்சில திரும்பி வந்திருக்கு. இதுக்கு ரிங் மட்டும் பத்தாது, வளையத்த ஒரு எடத்துல வெட்டணும். அதனால மோட்டாரோட சொந்த கூலிங் ஃபேன் இருக்கற பின்பக்கத்துல இன்சுலேட்டட் பேரிங், புல்லி சைடுல கிரவுண்டிங் ரிங். இத மாத்தி ரெண்டையும் ஒரே பக்கம் போட்டுடாதீங்க, ரிங்கே இன்சுலேஷன தாண்டி கரண்டுக்கு பாலம் போட்டு கொடுத்துடும், போட்ட காசு வேஸ்ட்.

இன்சுலேட்டட் பேரிங்ல ரெண்டு ரகம். வெளி வளையத்துல அலுமினியம் ஆக்சைடு பூச்சு போட்டது ஒண்ணு, எஸ்கேஎஃப்ல விஎல்0241னு நம்பர் முடியும். இன்னொண்ணு ஹைப்ரிட், பால் சிலிக்கான் நைட்ரைடு செராமிக், விலை பல மடங்கு. சின்ன மோட்டாருக்கு ஹைப்ரிட்தான் நல்லது, ஏன்னா பூச்சு போட்டதும் ஹை ஃப்ரீக்வன்சிக்கு ஒரு கெப்பாசிட்டர் மாதிரிதான், முழுசா தடுக்காது. பூச்சு பேரிங்க அவுட்டர்ல சுத்தியல் அடிச்சு ஏத்தாதீங்க, பூச்சு தெறிச்சா சாதா பேரிங்தான், இன்டக்‌ஷன் ஹீட்டர்ல சூடு பண்ணி போடுங்க, திறந்த பேரிங்னா 110 டிகிரி வரைக்கும், கிரீஸ் அடைச்சு மூடி வந்ததுன்னா 80ஐ தாண்டாதீங்க.

ரெண்டு பக்கமும் ஹைப்ரிட் போட்டா பிரச்சனை தீர்ந்ததுன்னு சிலர் நினைக்கறாங்க. மோட்டார் பேரிங் பிழைச்சுக்கும், வாஸ்தவம், ஆனா வோல்டேஜ் ஷாஃப்ட்லயேதான் நிக்குது, கப்ளிங் வழியா பம்புக்கோ கியர் பாக்ஸுக்கோ போகும். அதனால அப்பவும் ஒரு ரிங் வேணும், இல்லன்னா இன்சுலேட்டட் கப்ளிங்.

ஃபில்டர் விக்க வர்றவங்கள பத்தியும் ஒரு வார்த்தை. அவுட்புட் சோக், வோல்டேஜ் ஏறற வேகத்த குறைக்கற dv/dt ஃபில்டர் எல்லாம் வைண்டிங்க காப்பாத்தும், நீளமான கேபிளுக்கு நல்லது, ஆனா சாதா ரகம் ஷாஃப்ட் வோல்டேஜ பெருசா குறைக்காது. காமன் மோட் சோக்குனு வர்ற நானோகிரிஸ்டலைன் வளையம் பெரிய மோட்டார்ல சுத்தற கரண்ட நல்லா அடக்கும், அதுல மூணு ஃபேஸ் கோர மட்டும் ஒண்ணா நுழைக்கணும், எர்த்தையோ ஷீல்டையோ சேர்த்து நுழைச்சா பயனில்ல. கரண்ட் கடத்தற கிரீஸ் போடச் சொல்லி யாராவது வந்தா வேண்டாம்னு சொல்லிடுங்க, அதுல இருக்கற துகளே டிராக்க அரிக்கும்.

எல்லாம் போட்டு ஓட்டின அன்னிக்கே ஸ்கோப்ல ஷாஃப்ட் வோல்டேஜ எடுத்து மோட்டார் கார்டுல எழுதி வைங்க, ஆறு மாசத்துக்கு ஒருக்கா ஒப்பிட்டு பாக்கலாம். மோட்டார் ரீவைண்டிங்குக்கு போறப்ப இதுல இன்சுலேட்டட் பேரிங் இருக்கு, எந்தப் பக்கம்னு நம்பரோட ஒரு டேக் அடிச்சு பாடிலயே கட்டி அனுப்புங்க, இல்லன்னா ஒர்க் ஷாப்ல கைல கிடைச்ச சாதா 6319 நம்பர் பேரிங் ஒண்ண மாட்டி, ரிங்குக்கு மேலயும் சேர்த்து பெயிண்ட் அடிச்சு பளபளன்னு திருப்பி அனுப்புவாங்க.